எதிர்க்கடைப் படிக்கல்

எதிர்க்கடைக்காரருக்கு,

இன்று காலை கடை திறந்து சாம்பிராணி காட்டி முடிக்கும் முன்பே எதிரிலிருந்து கடப்பாரைச் சத்தம் வந்தது. இரும்பு கல்லில் படுகிற சத்தம் எனக்கு ஒன்றும் புதிதில்லை. பாத்திரக் கடைக்காரனுக்கு நாள் முழுக்க ஏதாவது ஒன்று கணகணத்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் இந்தச் சத்தத்தோடு ஒரு வாடையும் வந்தது. வெகுநாள் மூடிக்கிடந்த மண்ணைக் கிளறினால் வருமே, ஈரமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை. நிமிர்ந்து பார்த்தேன். உங்கள் மகன் வாசலில் நின்று கொத்தனாருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். உங்கள் கடைப் படிக்கல்லைப் பெயர்க்கிறார்கள்.

சாம்பிராணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பிடித்திருக்க முடியவில்லை. உள்ளங்கை வேர்த்து, காதுக்குள் நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. வந்துவிட்டது. எது வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களைத் தவிர வேறு யாரிடமும் ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கவும் முடியாது. அதனால்தான் இந்த மடல். சரக்கு அனுப்பச் சொல்லி எழுதுவதைத் தவிர வேறு எழுதிப் பழகாத கை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இருவருக்கும் பெயர் உண்டு. ஆனால் நீங்கள் என்னை "எதிர்க்கடை" என்றுதான் கூப்பிட்டீர்கள். நானும் உங்களை அப்படியேதான். செக்காலை ரோட்டில் நான் வருவதற்கு வெகு காலம் முன்பே உங்கள் கடை இருந்தது. கல்லல் பக்கத்துப் புஞ்சைக்காட்டிலிருந்து கிளம்பி, சைக்கிளில் அலுமினியச் சட்டிகளைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவி விற்றவன், உங்கள் முகத்துக்கு நேரே கடை போட்டது திமிர்தான். மறுக்கவில்லை. பித்தளைக் காலம் முடிந்து எவர்சில்வர் காலம் வரப்போகிறது என்பது எனக்கு முன்னாலேயே மூக்கில் அடித்தது. உங்களுக்கு அது கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தது. அந்த இடைவெளியில் நான் காலை ஊன்றிக்கொண்டேன்.

நீங்கள் என்னை வெறுத்திருக்க வேண்டும். நீங்களோ என் காதில் விழும்படி வாடிக்கையாளரிடம் சொல்வீர்கள்: "எதிர்ல போயி வெலையக் கேட்டுட்டு வாங்க. திரும்பி வரயில தாகமா இருக்கும். மோரு எடுத்து வைக்கிறேன்."

நான் இங்கிருந்தே சொல்வேன்: "மோரு நல்லாருக்கும், குடிச்சுட்டு வாங்க. செம்ப மட்டும் வாங்கிறாதீக. மோரு அதுல நிக்காது."

ரோடே சிரிக்கும். அவ்வளவுதான் நம் பழக்கம், கீழச்சிவல்பட்டிக் கல்யாணம் வரைக்கும்.

ஊரே அரிசிக்கு அலைந்துகொண்டிருந்த வருடம் அது. ஆனாலும் பெண்ணுக்குச் சீர் சாமான் பரப்புவதில் அந்த வீட்டு ஆச்சி ஒரு கரண்டியைக்கூடக் குறைக்கவில்லை. கெட்டிக்கார மனுஷி. பித்தளையை உங்களிடமும் எவர்சில்வரை என்னிடமுமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இருவரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தார்.

"எந்தச் சாமான் நசுங்கியிருந்தாலும் ரெண்டு பேரு கணக்குலயும் கழிச்சிருவேன்" என்றார் ஆச்சி.

"அவரு சாமான் தானா நசுங்கும் ஆச்சி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்றீர்கள் நீங்கள்.

உள்கட்டு முற்றத்தைச் சுற்றி, பெரியதிலிருந்து சிறியதுவரை, சாமான்கள் வரிசை வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. பெண்கள் உரக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு கரண்டியைத் தவறவிட்டார்கள். அந்தச் சத்தம் எல்லாப் பாத்திரத்திலும் பட்டு முழங்கி வந்து என் நெஞ்சில் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. மூச்சு பாதியில் நின்றது. விரல் நுனிகள் மரத்தன. அத்தனை பாத்திரத்திலும் என் முகம் கோணிக்கொண்டு தெரிந்தது. செத்துப்போகிறேன் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடத் தவறு. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பின்கட்டைத் தாண்டிப் பின்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினேன்.

அங்கே ஒரு செவலை நாய் படுத்திருந்தது. ஓடுகிறவனைக் கண்டால் நாய் விடுமா? குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. நான் இன்னும் ஓடினேன்.

"ஓடாதீக! நில்லுங்க!"

நீங்கள்தான். என் பின்னாலேயே வந்திருக்கிறீர்கள். அந்தக் குரலுக்கு என் கால் நின்றது. நாய் என் வேட்டி ஓரம்வரை வந்து உறுமியது.

"அசையாதீக. ஓடுனா தொரத்துறதுதான் அதுக்கு வேல. நின்னா மோந்து பாக்கும். பாக்கட்டும். பாத்துட்டுப் போயிரும்."

நாய் முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு சுவர் ஓரமாகப் போய்க் காலைத் தூக்கியது.

"நல்ல வேள, ஒங்களத் தூணுன்னு நெனைக்கல" என்றீர்கள். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "நெஞ்சுக்குள்ள ஒண்ணு கெடந்து அடிக்குதுல்ல? அதுவும் நாயிதான். இதே மாதிரி நில்லுங்க."

நின்றேன். அடித்தது. இன்னும் வேகமாக அடித்தது. பிறகு, பெரிய மணியை அடித்து நிறுத்தினால் ஓசை அடங்குமே, அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நான் சாகவில்லை.

திரும்பி வரும் வண்டியில் சொன்னீர்கள். உங்கள் மூத்த அக்காவுக்கு இது இருந்ததாம். ஊர் அதைப் பேய் என்றதாம். வேப்பங்குழை, சாட்டை, தெற்கே ஏதோ ஒரு கோயிலில் சங்கிலி. "அடி விழுந்து விழுந்து அக்கா பயப்படுறத நிறுத்திருச்சு. பேசுறதையும் நிறுத்திருச்சு" என்றீர்கள்.

செக்காலை நெருங்கும்போதுதான் எனக்கு வியாபார புத்தி திரும்பியது. நம் தொழிலில் இப்படி ஒரு நோய் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். சீர் சாமான் என்பது மங்கலப் பொருள். நோயாளி தொட்ட பாத்திரம், அதிலும் பேய் பிடித்தவன் கடைப் பாத்திரம் என்று ஒரு ஆச்சி சொன்னால் போதும், கல்யாண வியாபாரம் அன்றோடு முடிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. உலைமூடி விற்கிறவன் சொல்கிறேன்.

"இத வெளிய சொல்லிறாதீக" என்றேன்.

"சொன்னா எனக்குத்தான லாபம்?"

"ஆமா."

"அப்ப யோசிச்சுத்தான் சொல்லணும்" என்று மடியிலிருந்த கடலையை எடுத்துக் கொறிக்க ஆரம்பித்தீர்கள். கடைசிவரை யோசித்துக்கொண்டேதான் இருந்தீர்கள். சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. கடைக்குள் கூட்டம் சேர்ந்தால் வரும். பஸ்ஸில் நடுச் சீட்டில் உட்கார்ந்தால் வரும். சில நாள் ஒன்றுமே இல்லாமல், சாப்பிட்டுக் கை கழுவும்போது வரும். கடைக்குள் வந்தால் நான் வெளியே இறங்கி, பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டால் போதும், கையில் கிடைத்த ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து வருவீர்கள்.

"யோவ் எதிர்க்கடை, இது ஒங்க சரக்குத்தான? ஒருத்தர் எங்கிட்டக் கொண்டாந்து மாத்தச் சொல்றாரு. மாத்த நான் என்ன ஒங்க பங்காளியா?"

"அது என் சரக்கில்ல."

"இல்லையா? இந்த ஒடுக்கு ஒங்க கடை ஒடுக்கு. எனக்குத் தெரியாதா?"

சுற்றி ஆள் கூடும். இருவரும் கத்துவோம். கத்தலுக்கு இடையே நீங்கள் உதடு அசையாமல் "நில்லுங்க, நில்லுங்க, மோந்து பாக்குது, போயிரும்" என்பீர்கள். போய்விடும். நீங்களும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவீர்கள். சண்டை போடுகிறவன் வேர்த்து நிற்பதும் கை நடுங்குவதும் யார் கண்ணையும் உறுத்தாது. இப்படி ஒரு மறைப்பை வேறு எந்த மூளையும் கண்டுபிடித்திருக்காது.

ஆனால் அதற்கு ஒரு பலன் வந்தது. அதை நாம் இருவருமே எதிர்பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரி என் நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி நான் தூங்காததும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவதும் அவளுக்குத் தெரியும். கடைவீதியில் எதிர்க்கடைக்காரர் வாரம் தவறாமல் சண்டை போடுகிறார் என்பதும் அவள் காதுக்குப் போயிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். நம் ஊரில் வேறு எவளாக இருந்தாலும் அதே முடிச்சைத்தான் போட்டிருப்பாள். அவள் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோடாங்கியிடம் போனாள். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற அந்த ஆள், இவர்கள் வாய் திறக்கும் முன்பே சொன்னானாம்:

"ஒனக்கு எதுத்தாப்புல ஒரு வாசல். அந்த வாசல்ல இருந்து செய்வினை வருது."

பரிகாரமும் அவனே சொன்னான். மந்திரித்த செப்புத் தகடு ஒன்று. அதை எதிராளி வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். "அவன் காலே அதத் தெனம் மிதிக்கணும். மிதிக்க மிதிக்க, அனுப்புனது அவனுக்கே திரும்பிரும்." அதிலும் சரியாகாவிட்டால் என்னைத் தெற்கே ஒரு கோயிலில் ஒரு மண்டலம் கொண்டுபோய் வைக்க வேண்டுமாம்.

அவள் எனக்குச் சொன்னதை நான் உங்களிடம் வந்து சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது? உங்கள் கடைப் பின்னறையில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து நீங்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். "நானா? ஒங்களுக்கா? செய்வினை வைக்கிற காசுக்கு ரெண்டு அண்டா வாங்கிப் போட்டுருக்க மாட்டனா?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். கோயில் பெயரைச் சொன்னேன். துண்டு கண்ணிலேயே நின்றது.

"எங்க அக்காவ அங்கதான் வச்சிருந்தாக" என்றீர்கள்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னீர்கள்: "அந்தத் தகட்ட வைக்கட்டும்."

"என்ன சொல்றீக?"

"வைக்காட்டி ஒங்களக் கொண்டு போயிருவாக. அப்பறம் கடையுமில்ல, ஆளுமில்ல. தகடு அவுக மனசுக்கு. ஒங்களுக்கு வேற வைத்தியம் பாப்போம்."

"திரும்பிரும்னு சொல்றாகளே."

"எதிர்க்கடை, எம் படியில தெனம் எத்தன பேரு மிதிக்கிறாக? எல்லாருக்கும் பங்கு வச்சா எனக்கு என்னத்த மிஞ்சும்?"

அன்று சாயங்காலமே, என் கடையில் மைத்துனர் இருக்கும்போது, ரோட்டைக் கடந்து வந்து என்னிடம் வம்புக்கு நின்றீர்கள். நடுவே யாரிடமோ சொல்வதுபோல உரக்கச் சொன்னீர்கள்: "படிக்கல்லு ஆடுது. நாளைக்குக் காலையில பேத்து வச்சுட்டு, மதியம் எல்லாரும் சாப்புடப் போயிருவோம். கொத்தனாரு வெயில் தாழத்தான் வருவாரு. எவனாச்சும் விழுந்து கால ஒடிச்சுக்கிட்டா நான் ஜவாப்தாரி இல்ல." என் மைத்துனர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் நாம் இருவரும், பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர் நடத்திய டீக்கடையில் ஆளுக்கொரு மூலையில், பகையாளிகள்போல உட்கார்ந்திருந்தோம். என் மைத்துனர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, ரோட்டின் இரு பக்கமும் பார்த்து, உங்கள் வாசலில் குனிந்தார். கையால் மண்ணைப் பறித்தார்.

நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னீர்கள்: "ஆழம் பத்தாது. நாயி தோண்டிரும்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வருடத்தில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வேறு வைத்தியம் என்று நீங்கள் சொன்னது மதுரை டாக்டரை. சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனித்தனியாகப் பஸ் ஏறித் திருப்பத்தூரில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டோம். மேலூர் தாண்டும்போது எனக்கு வந்தது. நீங்கள் என்னை ஜன்னல் பக்கம் விடவில்லை. "நடுவுலயே இருங்க. இங்கயும் மோந்து பாக்கட்டும்" என்றீர்கள். மனநோய் பார்க்கும் டாக்டர் என்று வாசலில் எழுதியிருந்தது. என் கால் தயங்கியது. "எம் படியில என்ன இருக்குன்னு தெரிஞ்சே நான் மிதிக்கலையா? ஏறுங்க" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினீர்கள்.

டாக்டர் நெஞ்சைச் சோதித்தார். நிறையக் கேட்டார். "ஒங்க இருதயம் நல்லாருக்கு. பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல. இது பதட்ட நோய். சீனி வியாதிக்காரர் மாதிரி, இத வச்சுக்கிட்டே பொழைக்கலாம்" என்றார். மாத்திரை கொடுத்தார். காப்பியைக் குறைக்கச் சொன்னார். பயந்து எந்த இடத்தையும் விட்டு ஒதுங்காதே, ஒதுங்கினால் அந்த இடம் அதற்குச் சொந்தமாகிவிடும் என்றார்.

மாத்திரையை வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அது வேலை செய்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னபடி கூட்டத்துக்குள் போய்ப் பழகினேன். முதலில் தூணோரம், பிறகு முற்றத்து ஓரம், பிறகு சாமான்களுக்கு நடுவில். நல்ல காலம் வந்தது, கெட்ட காலமும் வந்தது. போய்விட்டது என்று நான் வெற்றிலைப் பெட்டியை வீட்டில் விட்டுவந்த சமயங்களில், நன்றாகத் தின்று கொழுத்துத் திரும்பி வந்தது. ஒழித்துவிட வேண்டும் என்கிற ஆசையைத்தான் முதலில் விடவேண்டியிருந்தது. விட்ட பிறகு வாழ முடிந்தது. கடையை விரித்தேன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்தேன்.

வீட்டில் அவளுக்குப் பெருமை. "பாத்தீகளா, தகடு வேலை செய்யுது" என்பாள். நான் ஆமாம் என்பேன். எதிரே பார்ப்பேன். நீங்கள் அந்தப் படியில் நின்று பீடி குடித்துக்கொண்டிருப்பீர்கள். என் பார்வை எங்கே போகிறதென்று தெரிந்தால், வேண்டுமென்றே காலை ஒருமுறை ஓங்கி மிதித்துக் காட்டுவீர்கள்.

பிறகு அந்த முற்பகல். எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாமல் மேலே போக முடியவில்லை.

அடுக்கின் மேலிருந்து ஒரு தவலையை எடுக்கக் கையைத் தூக்கினீர்கள். தவலை வந்தது. நீங்கள் அதைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தீர்கள். நான் ரோட்டைக் கடந்து, அந்தப் படியை மிதித்து, உள்ளே ஓடிவந்தேன். பக்கத்துக் கடைக்காரர் டாக்டரைக் கூட்டிவர ஓடினார். உங்கள் முகம் முழுக்க வேர்வை. கை நெஞ்சில். ஒரு பக்கமாகச் சிரித்தீர்கள்.

"நாயி வந்துருச்சு, எதிர்க்கடை."

"நில்லுங்க" என்றேன். வேறு என்ன எனக்குத் தெரியும்? "மோந்து பாத்துட்டுப் போயிரும். நில்லுங்க."

நீங்கள் தலையை மெதுவாக ஆட்டினீர்கள். "இல்ல. இது வேற நாயி."

டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தபோது ஒன்றும் மிச்சமில்லை.

என் வீட்டுக்காரி உங்கள் வீட்டில் வந்து அழுத அழுகையைப் பார்த்து, உங்கள் சம்சாரமே அவளைத் தேற்றினார். பகையாளி வீட்டம்மா இப்படி அழுகிறாளே என்று ஊர் ஆச்சரியப்பட்டது. வீட்டுக்கு வந்து குளித்து ஈரத்தலையோடு நின்றவளிடம் நான் சொன்னேன்: "இருதய அடைப்புன்னு டாக்டரு சொன்னாரு. ரொம்ப நாளா ரத்தக் கொதிப்பு இருந்துச்சாம்."

"அந்த அடைப்ப யாரு அனுப்புனா?" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. தகடு புதைத்த மைத்துனரோ அதைச் சுத்தமாக மறந்தே போனார். கொடுத்துவைத்தவர்.

எனக்குத் தெரியும். பீடி தெரியும், கொதிப்பு தெரியும், டாக்டர் சொல்லியும் ஊறுகாயை விடாத உங்கள் நாக்கும் தெரியும். செம்புக்கு என்ன விலை, என்ன எடை, அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் தெரிவது தலைக்கு. நாய் தலையில் படுப்பதில்லை. "மிதிக்க மிதிக்கத் திரும்பும்" என்று அது நெஞ்சுக்குள்ளிருந்து சொல்லும். சாப்பிடும்போது சொல்லும், சாமி கும்பிடும்போது சொல்லும். என் வியாதியை நீங்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள் என்று சொல்லும். பஸ்ஸுக்கும் கூட்டத்துக்கும் நிற்கக் கற்றுக்கொண்டவன், உங்கள் படிக்கல்லுக்கு முன் நிற்க முடியாதவன் ஆனேன். உங்கள் மகனைப் பார்க்க நான் உங்கள் கடைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் ஒருநாளும் அந்தப் படியை மிதித்ததில்லை. தாண்டித்தான் உள்ளே போவேன். செத்தவருக்கு எதிர்க்கடைக்காரர் காட்டுகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தோண்டிப் பார்த்துவிட்டால் என்ன? இதை மதுரை டாக்டரிடமே கேட்டேன். மண்ணில் கரைந்து, அரித்து, ஒன்றுமில்லாமல் போயிருந்தால் நிம்மதியாகிவிடுமே. அவர் சொன்னார்: "தோண்டுனா அன்னைக்கு நிம்மதி. மறுநாள் வேற எதையாவது தோண்டச் சொல்லும். கேக்குறதெல்லாம் குடுத்தா அது வாசல்லயே படுத்துக்கும்." நீங்கள் சொன்னதுதான். நாயைக்கூட அவர் விடவில்லை பாருங்கள்.

இன்று நான் தோண்டாமலே படி திறந்து கிடந்தது. மொசைக் தரை போடுகிறானாம் உங்கள் மகன். கல்லைப் புரட்டி ஓரமாகச் சாய்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"சித்தப்பா, இங்குட்டு வந்து பாருங்க. மண்ண இன்னுங் கொஞ்சம் எடுக்கலாமா, இப்படியே கலவையப் போட்டுறலாமா?"

ரோட்டின் அகலம்தான் தூரம். எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருக்கிறதா, இல்லையா. நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் வீட்டுக்காரி தூக்குவாளியில் மதியச் சாப்பாட்டோடு வந்தாள். எதிரே பார்த்தாள். தூக்குவாளி அவள் கையில் கடகடவென்று ஆடியது. மூடிச் சத்தம் எனக்குக் கேட்டது. பாத்திரக்காரன் காது, நடுங்குகிற கையில் பாத்திரம் எப்படிச் சத்தம் போடும் என்று தெரியும். என் கையில் எத்தனையோ தரம் கேட்ட சத்தம். இத்தனை காலமாக இவள் நெஞ்சுக்குள்ளும் அதே நாய் படுத்திருந்திருக்கிறது. நான் என் நாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் தூக்குவாளியை வைத்துவிட்டு ரோட்டில் இறங்கப் போனாள்.

"எங்க போற?"

"பாத்துட்டு வந்துர்றேன். ஒரே ஒரு தடவ."

"ஒக்காரு."

"என்னால முடியலைங்க."

"தெரியும். ஒக்காரு. ஓடுனா தொரத்தும். மோந்து பாக்கட்டும்."

என் முகத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். அவள் மணிக்கட்டில் நாடி அடிப்பது தோலுக்கு மேலேயே தெரிந்தது. எதிரே உங்கள் மகன் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். நான் குரல் கொடுத்தேன்: "எடுக்க வேணாம்ப்பா. அப்படியே போட்டுரு."

கொத்தனார் கலவையைக் கொட்டினார். சாந்துக்கரண்டி சரக் சரக்கென்று இழுத்தது. உள்ளே இருந்ததா இல்லையா என்பது எனக்கு இனி எப்போதும் தெரியப்போவதில்லை. அது மூடுகிற வரைக்கும் நாங்கள் இருவரும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நெஞ்சு அடித்தது. இன்னும் வேகமாக அடித்தது. பிறகு மணி ஓசை அடங்குவதுபோல அடங்கியது.

அப்போது அவளிடம் சொன்னேன், தகடு வைத்தது உங்களுக்குத் தெரியும் என்பதை. சண்டையெல்லாம் நடிப்பு என்பதை. கோயில் பெயரைக் கேட்டதும் நீங்கள் சிரிப்பை நிறுத்தியதை. படிக்கல்லைப் பெயர்த்து வைத்து, அவள் தம்பிக்கு வழிவிட்டதே நீங்கள்தான் என்பதை. டீக்கடையில் நீங்கள் சொன்ன வார்த்தையையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. எதிரேயே பார்த்தபடி கேட்டாள்:

"அப்ப தெரிஞ்சேதான் மிதிச்சாரா? அம்புட்டு வருசமும்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிரித்து வைத்தாள். இருவரும் சாப்பிட்டோம்.

இப்போது விளக்கு வைக்கும் நேரம். படி ஈரமாக இருக்கிறது. யாரும் மிதித்துவிடாமல் உங்கள் மகன் ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டிருக்கிறான். இரண்டொரு நாளில் காய்ந்துவிடும். காய்ந்ததும் வருவேன். தாண்டமாட்டேன். நீங்கள் எனக்காக மிதித்த இடத்தில் முழுப் பாதத்தையும் வைத்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவேன். வீட்டுக்காரியும் வருகிறேன் என்கிறாள்.

நாயும் கூடவே வரும். வரட்டும்.

இப்படிக்கு,
எதிர்க்கடை